ரங்கூன் டீக்கடையை ஒரு சாண் பலகையில் கட்டுவது

டியோரமா, அதாவது நிஜ இடத்தைச் சுருக்கிப் பலகைமேல் கட்டும் குட்டிக் காட்சி, செய்யப் போகிறேன் என்று ஆரம்பிக்கிறவர்களில் பலர் முதலில் கைவைப்பது ரங்கூனின் ஷ்வேடகோன் பகோடாவில், இல்லாவிட்டால் கோயில் கோபுரத்தில். வேண்டாம். ஷ்வேடகோன் ஏறத்தாழ 99 மீட்டர் உயரம். 1/24 அளவில், அதாவது நிஜத்தில் 24-இல் ஒரு பங்காக, செய்தால் நாலு மீட்டரைத் தாண்டும், வீட்டுக் கூரையைப் பிரிக்க வேண்டியதுதான். மேசையில் அடங்குகிற மாதிரி 1/1000 என்று சுருக்கினால் அதில் நிற்கிற மனிதன் கடுகு அளவுதான் இருப்பான், அவன் என்ன செய்கிறான் என்று யாருக்கும் தெரியாது. முதல் வேலைக்கு ஒரு தெருமுனை போதும். தெருமுனை என்றால் ரங்கூனில் டீக்கடை இல்லாமலா இருக்கும், அதையே எடுத்துக்கொள்ளலாம்.

இந்த வேலை நமக்குப் புதுசும் இல்லை. கொலுப்படிக்குக் கீழே கேழ்வரகை முளைக்கவைத்து பார்க் கட்டுவதும், கிறிஸ்துமஸுக்கு வைக்கோல் போட்டுக் குடில் கட்டுவதும் இதே இனம்தான். அங்கே பொம்மைகள் கிடைத்த அளவில் நிற்கும், ஆடு மேய்ப்பவனைவிட ஆடு பெரிசாக இருக்கும், யாரும் கேட்கமாட்டார்கள். டியோரமாவில் மட்டும் எல்லாம் ஒரே அளவுக்குள் வந்தாக வேண்டும்.

அளவுக்கு நான் 1/24-ஐத்தான் சொல்வேன். ஒரே காரணம், ஒரு அடி என்பது சரியாக அரை அங்குலம். நம் ஊரில் வீடு, கடை எல்லாவற்றையும் இன்னமும் அடியில்தான் சொல்கிறோம், அதனால் கால்குலேட்டரே தேவைப்படாது. நகரத்துக்குள் இருக்கிற பழைய ஃப்ளாட்டுகள் பெரும்பாலும் பன்னிரண்டரை அடி அகலம், அதாவது ஆறேகால் அங்குலம், 159 மில்லிமீட்டர். ஏழடிக் கதவு மூன்றரை அங்குலம். ஐந்தரை அடி ஆள் 70 மில்லிமீட்டர். பிளாஸ்டிக் முக்காலி பத்து அங்குல உயரம் என்றால் பத்தரை மில்லிமீட்டர், மேசை ஒன்றரை அடி என்றால் 19. ராணுவ மாடல் செய்கிறவர்கள் விரும்புகிற 1/35-இல் ஆள் 48 மில்லிமீட்டர்தான் வருவான், ரயில் மாடல்காரர்களின் 1/87-இல் 19. அந்த அளவில் டீக் கோப்பை கண்ணுக்கே தெரியாது, டீ இல்லாத டீக்கடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 1/12 பொம்மை வீட்டு அளவு. வேலை சுலபம், இடம்தான் நாலு மடங்கு கேட்கும்.

இருபது சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு பலகை எடுங்கள், ஆறு மில்லிமீட்டர் பிளைவுட். நிஜத்தில் அது கிட்டத்தட்ட பதினாறடிக்குப் பதினாறடி. பின்னால் கடையின் உள்பக்கம் நாலடி (ஐம்பது மில்லிமீட்டர்), நடுவில் நடைபாதை ஆறடிக்குக் கொஞ்சம் மேல், முன்னால் மிச்சம் ரோடு. கட்டடத்தைப் பலகையின் ஓரத்துக்கு நேராக வைக்காமல் பத்து டிகிரி திருப்பி வையுங்கள். நேராக வைத்தால் கடைப்படம் வெட்டி ஒட்டியது மாதிரி தட்டையாகத் தெரியும். திருப்பினால் தெரு பலகைக்கு வெளியேயும் போகிறது என்று கண் நம்பிவிடும். கட்டடம் முழுவதையும் கட்டவும் வேண்டாம். கீழ்த்தளமும் முதல் மாடி பால்கனியும் வந்ததும் கத்தியால் சீவியது போல நிறுத்தி, வெட்டுமுகத்துக்குக் கறுப்பு அடித்துவிடுங்கள். பாதியில் நிற்கிறதே என்று ஒருத்தரும் கேட்கப்போவதில்லை.

பசையைத் தொடுவதற்கு முன்னால் ஒரு நாள் போய் உட்கார வேண்டும். பழக்கமான கடையாக இருந்தால் நல்லது, கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு படம் எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் அளவு தெரிந்த ஒரு பொருள் இருக்கட்டும், நம் கைச்சாணே போதும். சாமான்களை யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள், நீங்கள் அழுக்கை எடுங்கள். எந்தச் சுவரில் எந்த உயரத்தில் எது படிந்திருக்கிறது, ஏன் அங்கே படிந்தது, ஏன் ஒரு அடி தள்ளிப் படியவில்லை என்று பாருங்கள். நான் இதில் சொல்ல வருவதே இவ்வளவுதான்: சின்னக் காட்சியை நிஜமாக்குவது நுணுக்கமான கைவேலை இல்லை, காரணம் உள்ள கறை. கப்பலில் வந்த விலையுயர்ந்த கிட்டை (ஒட்டினால் மாடலாகிற தயார் பாகங்கள்) அப்படியே ஒட்டி, மேலெல்லாம் பிரவுன் பெயிண்டைப் பூசி, பழசு பண்ணிவிட்டேன் என்று வைத்திருப்பார்கள். பார்த்தால் பெயிண்ட் பூசிய கிட்டாகத்தான் தெரியும்.

சரி, சாமான்கள். ஒரு கட்டர் கத்தி, இரும்பு ஸ்கேல், ட்வீசர், உப்புத்தாள், இரண்டு நல்ல பிரஷ், வெட்டும்போது அடியில் விரிக்க ஒரு பாய். பிளேடில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மழுங்கிய பிளேடுதான் வழுக்கிக் கையைக் கிழிக்கும், அட்டையையும் பிய்க்கும். பசை மூன்று வகை போதும்: தச்சர்கள் மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசை, சூப்பர் க்ளூ, இரண்டு ட்யூபில் வருகிற எபாக்ஸி. சூப்பர் க்ளூ தெர்மோகோலைக் கரைத்துவிடும், ஸ்ப்ரே பெயிண்டும் அப்படியே. ஃபோமுக்கு வெள்ளைப் பசையும் தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் பெயிண்டும்தான். ஸ்ப்ரே அடித்தே தீர வேண்டுமென்றால் முதலில் வெள்ளைப் பசையை ஒரு கோட் பூசிக் காயவிடுங்கள். மைதாவோ அரிசிமாவோ காய்ச்சிய பசை மட்டும் வேண்டவே வேண்டாம், எறும்பும் கரப்பானும் விருந்துக்கு வந்துவிடும்.

சுவருக்குக் கெட்டியான ஃபோம் நல்லது. மீன் வருகிற தெர்மோகோல் பெட்டி உருண்டை உருண்டையாக உதிரும், அதை அடித்தளத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கட்டடப் பொருள் கடையில் கிடைக்கும் மெல்லிய, நெருக்கமான ஃபோம் தகட்டில் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் செங்கல் கோடு போடலாம். ஒன்பது அங்குலச் செங்கல் ஒன்பதரை மில்லிமீட்டர், மூன்று அங்குல உயரம் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல். சுவர் முழுக்கக் கோடு போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். பூச்சு உதிர்ந்து செங்கல் தெரியப்போகிற இரண்டு மூன்று இடத்தில் மட்டும் போடுங்கள், மற்ற இடத்தில் வால் புட்டியை மெல்லிசாக இழுத்துவிடுங்கள். புட்டியின் ஓரத்தை நகத்தால் பெயர்த்தால் உதிர்ந்த பூச்சு தானாகவே வரும்.

வெளுத்த பச்சையோ மங்கின மஞ்சளோ அடிப்பதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை உண்டு. அடி நிறத்தை அடித்துக் காயவிட்டு, சுவரைக் கொஞ்சம் ஈரமாக்கி, பெயிண்ட் உரிய வேண்டிய இடத்தில் உப்பைத் தூவுங்கள். தூள் உப்பும் கல் உப்பை நுணுக்கியதும் கலந்து தூவினால் ஓட்டைகள் ஒரே அளவில் இருக்காது. ஈரம் காய்ந்ததும் மேல் நிறத்தை ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி எடுங்கள், பிரஷால் தேய்த்தால் உப்பு கலைந்துவிடும். அது காய்ந்தபிறகு பழைய டூத்பிரஷால் உப்பைத் தட்டிவிட்டால் அடி நிறம் எட்டிப்பார்க்கும். எத்தனை கோட் பெயிண்டை அந்தச் சுவர் பார்த்திருக்கிறதோ அத்தனை தரம் இதைச் செய்யலாம், மூன்றுக்கு மேல் போனால் யாரும் கவனிக்கப்போவதில்லை.

தகரக் கூரைக்கு மெல்லிய நெளி அட்டை வேண்டும், மிக்ஸி பெட்டி, செல்போன் சார்ஜர் பெட்டி மாதிரி சன்னமானது. நிஜத் தகரத்தில் நெளிவுக்கு நெளிவு மூன்று அங்குலம் இருக்கும், 1/24-இல் மூன்று மில்லிமீட்டர் சொச்சம். அந்தச் சன்ன அட்டையின் நெளிவும் ஏறக்குறைய அதேதான். தடித்த பழப்பெட்டி அட்டை இரண்டு மடங்கு பெரிசு, போட்டால் உடனே காட்டிக்கொடுக்கும். ஒரு பக்கத் தாளை ஈரத்துணியால் துடைத்து உரித்துவிட்டு, இரண்டு பக்கமும் நீர்த்த வெள்ளைப் பசை பூசுங்கள். இரண்டு பக்கமும் என்பது முக்கியம். ஒரு பக்கம் மட்டும் பூசிய அட்டை அந்தப் பக்கமாக வளைந்துவிடும், ரங்கூன் ஈரத்தில் கேட்கவே வேண்டாம்.

இனி கடைச் சாமான்கள், இதுதான் இந்த வேலையிலேயே சுகமான பகுதி. வீட்டில் தூக்கிப்போடுகிற பொருளையெல்லாம் ஸ்கேல் வைத்து அளக்கும் புத்தி வந்துவிடும். காது குடையும் பட்ஸின் பிளாஸ்டிக் குச்சி இரண்டரை மில்லிமீட்டர் தடிமன். 24-ஆல் பெருக்கினால் ஆறு சென்டிமீட்டர், டீக் கோப்பையின் வாய் அகலம். இரண்டரை மில்லிமீட்டர் உயரத்துக்குச் சீவினால் கோப்பை தயார். அடியில் ஒரு துளி பசை விட்டு மூடி, காய்ந்ததும் பால் டீ நிறத்தை நிரப்பி, மேலே ஒரு சொட்டு பளபளா வார்னிஷ் விடுங்கள். எல்லாக் கோப்பையிலும் டீ ஊற்றாதீர்கள், ஒன்று காலி, ஒன்றில் பாதி. மேசைதோறும் சும்மா கிடைக்கிற வெறும் டீ ஃப்ளாஸ்க் இல்லாவிட்டால் அது நம் ஊர் டீக்கடையே இல்லை. ஐந்தாறு மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஸ்ட்ராவில் பதினைந்து மில்லிமீட்டர் வெட்டுங்கள். ஸ்ட்ராவில் பெயிண்ட் ஒட்டாது, உரிந்து வரும், அதனால் மேலே மெல்லிய தாளைச் சுற்றி ஒட்டி அதில் பூ வரையுங்கள். சமோசா மூன்று மில்லிமீட்டர் முக்கோணம், எபாக்ஸி புட்டியில் (பிசைந்து வைத்தால் கெட்டியாகிவிடும் களிமண் மாதிரியான பொருள்) கிள்ளி எடுத்தால் போதும்.

முக்காலிதான் பொறுமையைச் சோதிக்கும். தயிர் டப்பா மாதிரி மெல்லிய பிளாஸ்டிக்கில் கூட்டல் குறி வடிவத்தில் வெட்டி, நாலு காலையும் கீழே மடித்து, கால்கள் கொஞ்சம் வெளியே விரிகிற மாதிரி விடுங்கள். ஆறு செய்தால் ஐந்தை நிறுத்தி ஒன்றைக் கவிழ்த்து அடுக்குங்கள். சிவப்பு, நீலம் இரண்டும் கலந்து இருக்கட்டும். வெயில் பட்ட பக்கம் வெளிறியிருக்கும், அடிக்கிற நிறத்தில் கொஞ்சம் வெள்ளை கலந்தால் அது வந்துவிடும்.

சைக்கா வைக்காமல் என்னால் இருக்க முடியாது. சைக்கிளுக்குப் பக்கவாட்டில், இரண்டு பேர் முதுகோடு முதுகு ஒட்டி உட்காரும் வண்டி வேறு எந்த ஊர் டியோரமாவிலும் பார்க்கமாட்டீர்கள். இருபத்தெட்டு அங்குலச் சக்கரம் 1/24-இல் முப்பது மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. குளிர்பான பாட்டில் மூடி ஏறக்குறைய அதே விட்டம். மூடியின் விளிம்பை இரண்டு மில்லிமீட்டர் வளையமாக அறுத்து, வெளிவரிகளை உப்புத்தாளில் தேய்த்துவிட்டால் சக்கர விளிம்பு. ஆரக்காலுக்குத் தூண்டில் நரம்பு. வண்டிச் சட்டத்துக்குப் பழைய மின்வயரின் செம்புக் கம்பி. உட்காரும் இடத்தில் ரெக்சின் கிழிந்து ஸ்பாஞ்ச் தெரிகிற மாதிரி செய்தால் போதும், மற்றதை மன்னித்துவிடுவார்கள்.

மேலே பால்கனியிலிருந்து ஒரு கயிறு தொங்க வேண்டும், நுனியில் கிளிப்போடு. பேப்பர்காரர் கிளிப்பில் பேப்பரைச் செருகிக் கயிற்றை இழுத்தால் மாடியில் மணி அடிக்கும், ரங்கூன்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். தையல் நூலை அப்படியே தொங்கவிட்டால் ரோமம் ரோமமாக நிற்கும், வளைந்தும் நிற்கும். நூலை நீர்த்த பசையில் நனைத்து, நுனியில் ஒரு கனத்தைக் கட்டி ஒரு ராத்திரி தொங்கவிட்டுப் பிறகு வெட்டிப் பொருத்துங்கள்.

நடைபாதை சாக்கடைமேல் போட்ட சிமெண்ட் பலகைகள்தானே. இரண்டடிப் பலகை இருபத்தைந்து மில்லிமீட்டர் சதுரம், தடித்த அட்டையில் வெட்டலாம். வரிசையாக ஒட்டிவிட்டு ஒன்றை ஒரு மூலை தூக்கி வையுங்கள், ஒன்றை உடைத்து நடுவில் இருட்டு தெரியவிடுங்கள். மண்ணுக்குச் சலித்த ஆற்றுமணல் தூவி, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அதில் பாத்திரம் கழுவும் சோப் ஒரு துளி கலந்தால்தான் மணலுக்குள் இறங்கும். சோப் இல்லாவிட்டால் பசை முத்து முத்தாக மேலேயே உருண்டு மணலையும் இழுத்துக்கொண்டு போகும்.

இப்போது அழுக்கு. கறுப்பும் பிரவுனும் கலந்து நிறையத் தண்ணீர் விட்ட பெயிண்டை ஓட்டி, பள்ளங்களில் நிற்கவிட்டு, மேடுகளைத் துடைத்துவிடுவது முதல் படி. அதற்குப் பிறகு ஒவ்வொரு கறையையும் தனித்தனியாக, காரணம் சொல்லிக்கொண்டே வையுங்கள். மழை தரையில் விழுந்து தெறிக்கிற உயரம் வரை, சுமார் இரண்டடி, சுவரின் அடியில் கறுத்த பாசி இருக்கும், அதாவது இருபத்தைந்து மில்லிமீட்டர். அதற்கு மேலே திடீரென்று குறைய வேண்டும். மழைநீர்க் குழாய் ஒழுகும் இடத்தில் மட்டும் அது மேலேறிப் பச்சையாகும். அடுப்புக்கு மேலே புகைக்கரி, அடியில் குறுகலாக ஆரம்பித்து மேலே விரியும். கதவில் கை படும் உயரத்தில், ஐந்தரை மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு பளபளப்பு, அது எண்ணெய்க் கை. வெற்றிலை எச்சில் நடுச்சுவரில் இருக்காது, மூலையில், தூண் அடியில், உடைந்த பலகையின் இடுக்கைச் சுற்றித்தான் இருக்கும். பழசு மங்கின காவி நிறம், புதுசுக்குச் சிவப்பும் கொஞ்சம் வார்னிஷும். இதை அதிகமாகப் போட ஆசை வரும், மூன்று இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சுவர் வெடிப்பில் காக்கை போட்ட விதையில் முளைத்த அரசங்கன்று ஒன்று கட்டாயம் வேண்டும். இலை ஐந்து மில்லிமீட்டர், மெல்லிய தாளில் நீள வால் விட்டு வெட்டுங்கள், வேருக்குத் தேங்காய் நார்.

எந்த நேரம் என்பதையும் முன்பே முடிவு செய்ய வேண்டும். எனக்குப் பிடித்தது மழை விட்ட பத்து நிமிடம். தரையை வழக்கத்தைவிட ஒரு படி கறுப்பாக அடித்து, பள்ளங்களில் பளபளா வார்னிஷை மெல்லிசாகப் பல கோட் விடுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் உள்ளே வெண்மையாக மங்கும். ஆழமான தண்ணீர் வேண்டுமென்றால் எபாக்ஸி ரெசின், அதுவும் சில மில்லிமீட்டராக அடுக்கடுக்காக. கெட்டியாக ஊற்றினால் சூடேறி ஃபோமைக் கெடுக்கும். கையுறையும் திறந்த ஜன்னலும் இல்லாமல் ரெசின் பக்கம் போகாதீர்கள்.

ஆட்கள் மூன்று பேர் போதும். கம்பியில் எலும்புக்கூடு வளைத்து, எபாக்ஸி புட்டியில் சதை வையுங்கள். தலை ஒன்பதரை மில்லிமீட்டர், மொத்த உயரம் ஏழரைத் தலை. முதலில் உட்காருகிற ஆளைச் செய்யுங்கள், பாதி உடம்பு மேசைக்குப் பின்னால் மறைந்துவிடும். லுங்கிக்கு டிஷ்யூ தாளை நீர்த்த பசையில் நனைத்துச் சுற்றி, ஈரமாக இருக்கும்போதே ஊசியால் மடிப்பு இழுங்கள். பர்மாவில் ஆண்களுக்கு முடிச்சு வயிற்றுக்கு நேர் முன்னால், பெண்களுக்குச் செருகல் இடுப்போரத்தில். இதை மாற்றிவைத்தால் பார்த்தவுடன் சிரிப்பார்கள். முகத்தில் கண்ணை வரையாதீர்கள், புருவ நிழலே போதும், வரைந்த கண் எப்போதும் திடுக்கிட்ட மாதிரிதான் வரும். ஒருத்தர் தலையைத் திருப்பி உதட்டைக் குவித்துக் கடைப்பையனை ‘ச்சு ச்சு’ என்று கூப்பிடட்டும். சத்தத்தைத்தான் செய்ய முடியாது, கழுத்தின் திருப்பத்தைச் செய்யலாம்.

வெளிச்சத்துக்கு ஒரு எல்இடி. பவர் பேங்கில் மாட்டிவிடலாம் என்று தோன்றும், ஆனால் பல பவர் பேங்குகள் இவ்வளவு சின்ன மின்சாரத்தை மதிக்காமல் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். மூன்று டபுள் ஏ பேட்டரி, 150 ஓம் ரெசிஸ்டர், வெள்ளை எல்இடி, நீளக் கால் பாசிட்டிவ். கரண்ட் போனாலும் நம் குட்டிக் கடையில் விளக்கு எரியும். சுவர் ஒட்டுவதற்கு முன்னாலேயே உள்பக்கம் முழுக்கக் கறுப்பு அடித்து, அதன்மேல் வேண்டிய நிறத்தை அடியுங்கள், இல்லாவிட்டால் சுவரே விளக்காக ஒளிரும்.

படம் எடுக்கும்போது போனை மேலிருந்து பிடிக்காதீர்கள். குட்டி மனிதனின் கண் தரையிலிருந்து 65 மில்லிமீட்டரில் இருக்கிறது, லென்ஸும் அங்கேதான் இருக்க வேண்டும். கிட்டே போனால் பாதி மங்கும், தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள். காலை வெயில் ஒரு பக்கமாக விழுந்தால் வேறு விளக்கு வேண்டாம்.

மே முதல் அக்டோபர் வரை பெயிண்டும் பசையும் காய இரண்டு மடங்கு நேரம் விடுங்கள், தொட்டால் ஒட்டவில்லை என்பதால் உள்ளே காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. நிஜப் பாசி, நிஜ இலை எதையும் காயவைத்து வார்னிஷ் பூசாமல் வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். மீன்தொட்டி செய்கிற கண்ணாடிக் கடையில் அளவு சொன்னால் மூடி செய்து தருவார்கள். பலகைக்கு அடியில் ஒரு சின்ன அறை விட்டு, அதில் நிறம் மாறுகிற சிலிக்கா ஜெல் வையுங்கள். நீல நிறத்தில் வருவதில் கோபால்ட் இருக்கும், ஆரஞ்சு நிறமே வாங்குங்கள். அது கரும்பச்சையானால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியில் சின்னத் தீயில் வைத்துக் கிளறினால் திரும்பவும் ஆரஞ்சாகும், ஆறியதும் உள்ளே வைத்துவிடலாம்.